இரண்டாவது குழந்தைக்கான அறை: மூத்த குழந்தையின் உயரத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் குழந்தை போட்ட இடத்தில் கிடந்தது. குப்புற விழுந்து, தவழ ஆரம்பிக்கும் வரை அறையை ஒழுங்கு செய்ய நமக்கு ஆறேழு மாதம் அவகாசம் கிடைத்தது. இரண்டாவது குழந்தைக்கு அந்த அவகாசம் ஒரு நாள்கூடக் கிடையாது. மருத்துவமனையிலிருந்து வந்து இறங்கும் அன்றே, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறத் தெரிந்த, இழுப்பறையைத் திறக்கத் தெரிந்த, "பாப்பாவுக்கு ஒரு வாய் பிஸ்கட்" என்று பாசமாக ஊட்டவும் தெரிந்த இரண்டரை, மூன்று வயது மூத்த குழந்தை அதே அறையில் நிற்கிறது. ஆகவே சுவர் நிறத்தையும் பொம்மை விளக்கையும் தேடுவதற்கு முன்னால் அளவு டேப்பை எடுங்கள்.

மூன்று வயதுக் குழந்தை ஏறக்குறைய 95 செ.மீ. உயரம் இருக்கும். கையைத் தூக்கினால் 115 செ.மீ. வரை எட்டும். வீட்டில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் 30 செ.மீ. என்றால், அதன்மேல் ஏறி நின்று 145 வரை தொடும். அறைச் சுவரில் 150 செ.மீ. உயரத்தில், அதாவது ஐந்தடியில், பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மருந்து, எண்ணெய் பாட்டில், நகவெட்டி, கத்தரிக்கோல், சேஃப்டி பின், கொசு விரட்டித் திரவ பாட்டில், ரிமோட் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே போய்விட வேண்டும்.

மூத்த குழந்தையின் பொம்மைகளுக்கும் இதேபோல ஓர் எல்லை வேண்டும். பத்து மாதக் குழந்தை பிடித்துக்கொண்டு நின்றால் 85 செ.மீ. வரை கை போகும். ஆகவே சொப்புச் சாமான், மணிகள், சின்ன கார் சக்கரம் போன்றவற்றுக்கு 90 முதல் 110 செ.மீ. உயரத்தில் ஒரே ஒரு பலகை அடித்துவிடுங்கள். மூத்தது தானாக எடுத்து விளையாடலாம், இளையதற்கு எட்டாது. அதற்குக் கீழே இருப்பது எல்லாமே வாயில் போட்டாலும் பரவாயில்லை என்கிற துணிப் புத்தகம், பெரிய பந்து வகையாக இருக்கட்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் அடங்கும் பொருள் தொண்டையை அடைக்கும் என்று கணக்கு. நம் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. நாணயத்தைவிடச் சற்றே பெரிய பொருள்கூட ஆபத்தின் எல்லைக்குள் வருகிறது என்று வைத்துக்கொண்டு பொம்மைக் கூடையைப் பிரியுங்கள். பட்டன் பேட்டரி போட்ட பொம்மை, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் செருப்பு ஆகியவற்றைத் தனியே எடுத்துப் பாருங்கள். பேட்டரி மூடி திருகால் இறுக்கப்படாமல் வெறும் கொக்கியில் நின்றால், அந்தப் பொருள் வீட்டில் இருக்கவே வேண்டாம். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும்.

முதல் ஆறு மாதம் எந்த அறை?

இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் "பாப்பா ரூம்" என்று ஒன்றை முழுதாக அலங்கரித்துவிட்டு, குழந்தையைப் பெற்றோர் அறையிலேயே படுக்கவைப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. அதுதான் சரியும்கூட. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைந்தது முதல் ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்கிறது. ஆகவே செலவை இரண்டாகப் பிரியுங்கள். பிரசவத்துக்கு முன் பெற்றோர் அறையில் ஒரு மூலை. மூத்த குழந்தையின் அறையைப் பகிர்வது ஆறு மாதத்துக்குப் பிறகு.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை எடுத்துக்கொள்வோம். ஐந்தடி அகலக் கட்டிலைப் பத்தடிச் சுவரில் தலைமாடு வைத்து ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டால் மறுபக்கம் ஐந்தடி மிச்சம். நாலடிக்கு இரண்டடி மரத்தொட்டிலை அம்மா படுக்கும் பக்கம் போட்டால் மூன்றடி நடைவழி கிடைக்கும். அறுவைசிகிச்சைப் பிரசவமானால் அந்த மூன்றடி அவசியம். பக்கவாட்டில் திரும்பி, கையூன்றி எழுந்து, காலைத் தரையில் வைக்க இடம் வேண்டும். அறைக்குள் ஆறடிக் கட்டில் இருந்தால் நடைவழி இரண்டடியாகச் சுருங்கும். அப்போது பீரோவை வெளியே நகர்த்துவது பற்றி யோசியுங்கள். தொட்டிலை ஜன்னலுக்கடியில் தள்ளிவிடாதீர்கள். அங்கே திரைக் கயிறும் வெயிலும் மழைச் சாரலும் தொட்டிலுக்குள் வரும், மூத்தது தொட்டில் விளிம்பில் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடிக்கும்.

பாயில் எல்லோரும் சேர்ந்து படுக்கும் வீடுகள் நிறைய. அப்படிப் படுப்பதானால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: மூத்த குழந்தைக்கும் பச்சைக் குழந்தைக்கும் நடுவில் பெரியவர் ஒருவர் படுக்க வேண்டும். தூக்கத்தில் கை கால் வீசும் குழந்தைக்குத் தன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தலையணை, கனத்த போர்வை, இலவம்பஞ்சு மெத்தை எதுவும் பச்சைக் குழந்தையின் பக்கத்தில் இருக்கக் கூடாது. படுக்கும் இடம் தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வீட்டில் யாராவது புகை பிடித்தாலோ குடித்திருந்தாலோ தனிப் படுக்கை தவிர வேறு வழியில்லை.

மூத்த குழந்தை இன்னும் தொட்டிலிலோ அம்மா பக்கத்திலோ படுக்கிறதென்றால், இடம் மாற்றுவதைப் பிரசவத்துக்கு எட்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பாப்பா வந்த வாரத்தில் மாற்றினால் அது பாப்பாவின் மேல் வரும் கோபமாகத்தான் முடியும். தரையில் நான்கு அங்குலத் தென்னை நார் மெத்தை, அதன்மேல் அதற்குப் பிடித்த விரிப்பு, பக்கத்தில் அதன் தண்ணீர் பாட்டில் போதும். தொட்டிலைக் கழற்றி மூன்று, நான்கு வாரமாவது கண்ணில் படாமல் வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அது "என் தொட்டில்" என்பதாக இல்லாமல் வெறும் தொட்டிலாக மாறியிருக்கும்.

சுவரும் பெயின்ட்டும்

இரண்டாவது குழந்தைக்கு அறை தயார் செய்வதில் அதிகம் சொதப்புவது இதில்தான், காரணம் நாள் கணக்கு. ஐந்தாம் மாதத்தில் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் முடிக்க வேண்டிய வேலையை வளைகாப்பு முடித்து ஒன்பதாம் மாதத்தில் எடுக்கிறோம். அதுவும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் மாட்டினால், சுவர் காயாது, பெயின்ட் காயாது, ஜன்னலையும் திறக்க முடியாது.

முதலில் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம். காற்றோட்டம் கொடுத்தால் சரியாகும். உள்ளிருந்து வரும் ஈரத்தை மூடி அதன்மேல் பெயின்ட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் கொப்பளித்து உதிரும். குளியலறைக் குழாய்க் கசிவா, மொட்டைமாடி விரிசலா, வெளிச்சுவர் வெடிப்பா என்று பார்த்து அதை அடைத்து, சுவர் முழுக்கக் காய்ந்த பிறகே பட்டி, பிரைமர். பீரோவை நகர்த்தி அதன் பின்னாலும் பாருங்கள். சுவரோடு ஒட்டிய பீரோவுக்குப் பின்னால்தான் கருப்புப் பூஞ்சை பிடித்துக் கிடக்கும்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது வரும் தூசி இன்னொரு கவலை. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு எனாமல் அடித்த கதவு, ஜன்னல் கம்பி, மரச்சட்டங்களில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, கீழே விரித்த பிளாஸ்டிக் தாளோடு சுருட்டி எடுத்துப் போடச் சொல்லுங்கள். கர்ப்பிணியும் மூத்த குழந்தையும் அந்த இரண்டு மூன்று நாள் வேறு வீட்டில் இருப்பது நல்லது. குழந்தைகள் வாய்க்கு எட்டும் ஜன்னல் திட்டும் கட்டில் விளிம்பும் பெயின்ட் உதிராமல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

அளவு: பத்துக்குப் பன்னிரண்டு அறையின் சுற்றளவு 44 அடி, உயரம் பத்தடி என்றால் 440 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் 400. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 100 முதல் 120 சதுர அடி வரும். ஆக 4 லிட்டர் வாளி ஒன்று போதும். பிரைமர் ஒரு கோட்டுக்கு 3 முதல் 4 லிட்டர். கோட்டுக்குக் கோட்டு நான்கு மணி நேர இடைவெளி, மழைக்காலத்தில் இன்னும் கூடுதல். மலிவாக இருக்கிறதே என்று டிஸ்டெம்பர் அடிக்க வேண்டாம். கையால் தடவினால் மாவாக ஒட்டும், அந்தக் கை நேராக வாய்க்குப் போகும், துடைத்தால் திட்டுத்திட்டாகப் போய்விடும்.

ஏற்கெனவே கிரேயானோடு நிற்கும் ஒருவர் வீட்டில் இருப்பதால் சுவரை இரண்டு நிறமாகப் பிரிக்கச் சொல்வேன். தரையிலிருந்து நான்கடி வரை கழுவத்தக்க எமல்ஷன், சற்று அழுத்தமான நிறம். மேலே வெளிர் நிறம். கீழ்ப்பட்டை ஏறக்குறைய 160 சதுர அடிதான், ஒன்றரை லிட்டரில் முடியும். கிறுக்கல் போகாமல் நின்றால் அந்தப் பட்டையை மட்டும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். மீந்த பெயின்ட்டை இறுக மூடும் டப்பாவில் ஊற்றி, நிற எண்ணை மூடிமேல் எழுதி, ஐந்தடிக் கோட்டுக்கு மேல் வையுங்கள். பெயின்ட் வேலை முடிந்து குறைந்தது மூன்று, நான்கு வாரம் ஜன்னல் திறந்து கிடக்கட்டும்.

சுவர் வேலையோடு சேர்த்தே பீரோவையும் இழுப்பறை அலமாரியையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். குழந்தைகள் இழுப்பறைகளைப் படிக்கட்டாகத் திறந்து ஏறும்போது அலமாரி முன்னால் சாய்கிறது. 2016ல் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெற்றது இதனால்தான். அலமாரி தலைப்பாகத்தின் பின்விளிம்பில் இரண்டு எல் ஆங்கிள், ஒவ்வொன்றுக்கும் 8 மி.மீ. துளை, நைலான் பிளக், இரண்டரை அங்குலத் திருகு. செங்கல் சுவரில் இது பிடிக்கும். புதுக் கட்டடங்களில் வரும் இலகுவான கான்கிரீட் கல் சுவர் பொலபொலவென்று இருப்பதால் சாதாரண பிளக் சுழன்று வந்துவிடும்; அதற்கென்று இருக்கும் நீளமான பிளக்கைக் கடையில் சுவர் வகையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

தூளி

தூளி வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் நம் வீடுகளில் அது கட்டத்தான் படுகிறது. ஆகவே விவரமாகச் சொல்கிறேன்.

இரண்டாவது குழந்தை இருக்கும் வீட்டில் தூளியால் பெரிய ஆபத்து மூத்த குழந்தைக்கு. சேலையில் உட்கார்ந்து ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு, விட்டால் எதிர்ப்பக்கம் சுழல்வது அவர்களுக்கு அலாதி விளையாட்டு. முறுக்கிய சேலை கழுத்தில் இறுகிக் குழந்தை இறந்த செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் அம்மா சமையலறையில் இருக்கும் பத்து நிமிடத்தில் நடக்கிறது, சத்தமே வராது. பாப்பாவைத் தூக்கிய அடுத்த நொடி சேலையைக் கொக்கியிலிருந்து கழற்ற வேண்டும். மேலே முடிந்து வைப்பது போதாது; ஸ்டூல் போட்டு அவிழ்ப்பார்கள். கழற்றி மாட்டச் சிரமமாக இருந்தால் யாரும் கழற்ற மாட்டார்கள், அதனால் கொக்கிக்கும் சேலைக்கும் நடுவில், மலையேறுகிறவர்கள் பயன்படுத்தும் திருகுப் பூட்டு வளையம் ஒன்றை வாங்கிப் போடுங்கள். ஒரு கையால் கழற்றலாம்.

கொக்கி கான்கிரீட் தளத்தில் 10 மி.மீ. ஆங்கர் ஃபாஸ்னரில் நிற்க வேண்டும். பூச்சில் மட்டும் பிடித்த கொக்கியும் ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டிய கொக்கியும் ஆடும் எடையைத் தாங்காது. பழைய வீட்டுத் தளத்தில் பதித்த இரும்புக் கொக்கியானால் துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் போட்டால் அதன் உள்ளே ஒரு பாதுகாப்புக் கயிறு கொக்கியிலிருந்து சேலை வரை தனியே போக வேண்டும். ஸ்பிரிங் அறுந்தாலும் அது பிடிக்கும். மூன்று, நான்கு கிலோ பாப்பாவுக்கு வாங்கிய ஸ்பிரிங்கில் பதினான்கு கிலோ மூத்தது ஏறி ஆடினால் கம்பி நீண்டு திரும்பாமல் போய்விடும், அப்புறம் அது நம்பத்தக்கதல்ல. தூளியின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம்; கீழே மடித்த ஜமுக்காளம்.

சேலையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க விரிகட்டை போடுங்கள். ஆனாலும் தூளியில் முதுகு வளைந்து, முகவாய் நெஞ்சில் முட்டும் நிலை வரும். பச்சைக் குழந்தைக்கு அப்படி மடங்கினால் மூச்சு தடைப்படும். தாலாட்டித் தூங்கவைக்க, கண் எதிரே இருக்கும்போது மட்டும் தூளி. தூங்கியதும் தட்டையான இடத்துக்கு மாற்றுங்கள். இராத்திரி முழுக்கத் தூளி கூடாது.

பரணிலிருந்து இறங்கும் பழைய சாமான்கள்

முதல் குழந்தையின் துணிமூட்டையை இறக்கியதும் மூக்கில் ஏறுவது பூச்சி உருண்டை வாசனை. அந்த நாப்தலீன் விஷயத்தை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவியே இரத்த அணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும். பிறந்த குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது நமக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே பூச்சி உருண்டையோடு இருந்த துணிகளைப் பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பே இறக்கி, பல நாள் வெளியில் காற்றாட விட்டு, இரண்டு மூன்று முறை துவைத்து, நல்ல வெயிலில் காயவையுங்கள். அதன் பிறகும் வாசனை இருந்தால் அந்தத் துணி பாப்பாவுக்கு வேண்டாம். கம்பளியும் மெத்தையும் அந்த வாசனையை விடவே விடாது; அவற்றை ஒதுக்கிவிடுவதே நல்லது. அடுத்த முறை கட்டி வைக்கும்போது நன்றாகக் காய்ந்த துணியைக் காற்றுப் புகாத பையில் போட்டால் உருண்டையே தேவைப்படாது.

மரத்தொட்டிலில் பார்க்க வேண்டியவை: கம்பிகளுக்கு நடுவில் 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. ஒரு பக்கம் மேலும் கீழும் இறங்கும் வகைத் தொட்டில் இருந்தால் அதை மறுபடி பூட்ட வேண்டாம். அந்தக் கொக்கி தேய்ந்து பக்கவாட்டுச் சட்டம் சரிந்து குழந்தைகள் மாட்டிக்கொண்டதால் அமெரிக்காவில் 2011ல் அந்த வகைக்கே தடை வந்தது. தொலைந்த திருகுக்குப் பதில் வேறு அளவுத் திருகைப் போட்டு ஒப்பேற்றினால் ஒரு மாதத்தில் ஆட்டம் காணும். பழைய திருகு ஒன்றை எடுத்துப்போய் அதே நீளமும் அதே மரையும் பார்த்து வாங்குங்கள். மெத்தையின் நடுவில் உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள்; பள்ளம் உடனே எழவில்லையென்றால், அல்லது மூத்தது ஈரம் செய்த வாடை இன்னும் இருந்தால், புது மெத்தை. பஞ்சுவைத்த பக்கத் தடுப்புகளைத் தூக்கி எறியுங்கள், அழகாக இருந்தாலும். தொட்டிலுக்குள் குழந்தையும் இறுக்கமான விரிப்பும் மட்டும்தான்.

பால்பாட்டில் நிப்பிள் புதிது. பால் உறிஞ்சும் கருவியின் குழாயும் வால்வும் புதிது. கார் சீட்டில் காலாவதித் தேதி அடித்திருக்கும். விபத்தில் இருந்த சீட் என்றால் தேதியைப் பார்க்கவே வேண்டாம், வேறு வாங்குங்கள்.

பிறப்பதற்கு முன் எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த ஏற்பாடு நன்றாகவே ஒத்துவரும். சுவர், கொசுவலை, ஆங்கிள், பழைய துணி துவைப்பது எதுவும் பாப்பாவுக்காகப் "புதிதாக வாங்குவது" இல்லை. தொட்டிலைப் பிரித்த நிலையில் கட்டி வைத்து, திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு அதன்மேலேயே ஒட்டிவிட்டால், குழந்தை பிறந்த பிறகு அப்பாவோ மாமாவோ அரை மணியில் பூட்டிவிடலாம்.

துணி மாற்றும் இடம்

தனி மேசை வாங்க வேண்டியதில்லை. சுகப்பிரசவமானால் தரையில் கோரைப்பாய், மேலே ரப்பர் ஷீட், அதன்மேல் பருத்தித் துணி. விழ இடமே இல்லாத ஒரே இடம் தரைதான். பாயின் ஓரம் துணி வைத்துத் தைத்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சிம்பு குத்தும். அறுவைசிகிச்சை என்றால் முதல் ஆறு வாரம் குனிந்து எழுவது பெரும்பாடு. அதற்கு 85 முதல் 90 செ.மீ. உயரமுள்ள உறுதியான மேசை ஒன்றைச் சுவர் மூலையில் போட்டு, ஒரு கை எப்போதும் குழந்தைமேல் இருக்கும்படி எல்லாச் சாமானையும் வலக்கை எட்டும் தூரத்தில் வையுங்கள். கீழே மூத்த குழந்தைக்கென்று ஒரு கூடை: அதில் பத்து நாப்பி, பத்துத் துணி. "ஒண்ணு எடுத்துக் குடு" என்று கேட்டால் அது மேசைமேல் ஏறப் பார்க்காது, கூடையிலிருந்து எடுத்துத் தரும்.

துணிக்கு, பலமுறை துவைத்து மெத்தென்று ஆன எட்டு முழ வேட்டியைவிட நல்லது கிடையாது. 3.6 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம், 60 செ.மீ. சதுரமாக வெட்டினால் 12 துண்டு. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டிவரும், மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆகும் என்பதால் 36 துண்டு, அதாவது மூன்று வேட்டி. கரையை வெட்டி நீக்கிவிடுங்கள், சரிகை உறுத்தும். துவைக்கும்போது மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், ஈரம் உறிஞ்சும் தன்மை போய்விடும்.

அழுக்குத் துணி ஊறும் வாளியை எங்கே வைப்பது என்பதற்கு இன்றே முடிவு செய்யுங்கள். நாலு விரற்கடை தண்ணீரில்கூடத் தலைகுப்புற விழுந்த சின்னக் குழந்தையால் எழ முடியாது. குளியலறைக் கதவின் வெளிப்பக்கம் ஐந்தடிக் கோட்டுக்கு மேல் ஒரு தாழ்ப்பாள், வாளிக்கு இறுகும் மூடி, வேலை முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுவது.

வெளிச்சம், காற்று, கொசு

இராத்திரிப் பால் கொடுக்க மேலே இருக்கும் டியூப்லைட்டைப் போட்டால் மூத்ததும் எழுந்துவிடும். அம்மா உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில், இருக்கை உயரத்துக்கும் கீழே, அரை வாட் மஞ்சள் நிற எல்இடி ஒன்று போதும். நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டும், இருக்கையின் உயரம் 42 முதல் 45 செ.மீ. அதன் காலடியில் ஒரு பெட்டி. பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் திறக்கிற பெட்டியாக மூத்ததற்கு இரண்டு புத்தகமும் ஒரு பொம்மையும் உள்ளே இருக்கட்டும். அம்மாவின் இரு கையும் கட்டுப்பட்டிருக்கும் அந்த இருபது நிமிடங்களில்தான் வீட்டில் எல்லா விபரீதமும் நடக்கும்.

ஏசி 24 முதல் 26 டிகிரி. காற்று தொட்டிலின் மேல் நேராகப் படக் கூடாது. மின்விசிறி நல்லதே, ஆனால் பிரசவத்துக்கு முன் இறகுகளைத் துடைத்துவிடுங்கள். ஜன்னலுக்கு வெல்க்ரோ கொசுவலை போட்டால் வெயிலில் பசை இளகி ஓரம் பிரியும், மூத்தது அதைப் பிய்த்து ரசிக்கும். கீழ் ஓரத்தை மட்டுமாவது மரச்சட்டம் வைத்துத் திருகால் பிடியுங்கள். கவிழ்க்கும் குடைவலை குப்புற விழும் வரைதான் உதவும். கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் இந்த அறைக்குள் வேண்டாம். குளிப்பாட்டிய பிறகு தலை காய வேண்டுமென்றால் பருத்தித் துண்டால் ஒற்றினாலே காயும், புகை நுரையீரலுக்குத்தான் போகும்.

அலங்காரம்

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதிலும் கறுப்பு வெள்ளை போன்ற பளிச்சென்ற வேறுபாடே கண்ணைப் பிடிக்கும். இதற்காக அட்டைப் படங்கள் விற்கிறார்கள். நம்மிடம் சிக்குக் கோலம் இருக்கிறது. ஏ4 அளவு வெள்ளை அட்டையில் ஐந்து செ.மீ. இடைவெளி விட்டு மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துப் போகும் கோட்டை, பட்டையான கறுப்பு மார்க்கரால் ஒரு செ.மீ. கனத்துக்குப் போடுங்கள். மெல்லிய கோடு இந்த வயதில் கண்ணுக்கு எடுக்காது. புள்ளியை மூத்த குழந்தை வைக்கட்டும், கோணலாக இருந்தாலும். இரண்டு மூன்று மாதம் போனதும் ஐந்துக்கு ஐந்து புள்ளிக் கோலத்துக்கு மாறலாம். இந்த அட்டைகளைத் துணி மாற்றும் இடத்துப் பக்கச் சுவரில், குழந்தையின் கண்ணிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். குண்டூசி வேண்டாம், விழும். மைதாப் பசைக்கு எறும்பும் கரப்பானும் வரும். இரட்டைப்பக்க டேப் பெயின்ட்டோடு உரிந்து வரும்.

தொட்டிலுக்கு மேல் கண்ணாடி போட்ட படம் மாட்ட வேண்டாம். மேலே தொங்கவிடும் சுழல் பொம்மை மூத்த குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், பாப்பா கையூன்றி நெஞ்சைத் தூக்க ஆரம்பித்ததும் அல்லது ஐந்து மாதம் ஆனதும் கழற்ற வேண்டும். திருஷ்டிக்குக் கட்டும் மணிச்சரம், சோழி, வசம்பு எதுவும் தொட்டில் சட்டத்தில் தொங்கக் கூடாது; வாசல் நிலையில் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு மூத்ததன் அறைக்கு மாற்றும்போது மூத்ததன் மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவில் மூன்றடியாவது இருக்கட்டும், மெத்தைமேல் நின்று தொட்டிலுக்குள் தாண்டாமல் இருக்க. குழந்தை உட்காரத் தொடங்கும் வாரத்தில் தொட்டிலின் அடிப்பலகையைக் கடைசித் துளைக்கு இறக்குங்கள். மெத்தையின் மேலிருந்து சட்டத்தின் உச்சி வரை 60 செ.மீ.க்குக் குறையக் கூடாது. தூங்கவைக்கும் நேரத்தைப் பிரியுங்கள், இளையது முதலில், அரை மணி கழித்து மூத்தது. கதவுக் கீலுக்கு இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் கிறீச்சென்று எழுப்பாது. இளையது தவழ ஆரம்பித்ததும், மூத்தது கதவை அடிக்கும்போது அதன் விரல் கதவு நிலையில் இருக்கும். கதவின் மேல்விளிம்பில், ஐந்தடிக்கு மேலே, ஸ்பாஞ்ச் தடுப்பு ஒன்றைச் செருகிவிடுங்கள். கீல் பக்கத்து இடுக்குக்கு உட்பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் பட்டை ஒட்ட வேண்டும், ஏனென்றால் விரல் அதிகம் நசுங்குவது கீல் பக்கத்தில்தான்.